மருத்துவரைக் கேளுங்கள்: சுண்டுவிரல் மரத்துப்போனால் முழங்கையைப் பாருங்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு வயதினர் வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதியவை என்றாலும், ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன: முறிந்த பின் சரியாகக் கூடாத முழங்கை. எனவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. பதில் அளிப்பவர் எலும்பு மூட்டு சிகிச்சை நிபுணர்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 46. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஓர் உணவகத்தில் இருபது ஆண்டுகளாக ரொட்டி சானாய் போடுகிறேன். ஆறு வயதில், நிபோங் திபால் பக்கம் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை முறிந்தது. அப்பா என்னை நாட்டு வைத்தியரிடம் தூக்கிச் சென்றார். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழே உடம்பை நோக்கி வளைந்திருக்கும். இத்தனை வருடங்களாக அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஓராண்டாகக் கையை மடக்கும்போது முழங்கையின் உள்பக்கத்தில் 'டக், டக்' என்று இரண்டு முறை எதுவோ நழுவுகிறது. ஆறு மாதமாக மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. இரவில் விழித்துக் கையை உதறுகிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். வயதானால் எலும்பு இப்படித்தான் உரசும் என்கிறார்கள் நண்பர்கள். நான் என்ன செய்வது?
— வாசகர், பிறை

பதில்: ஐயா, பெரும்பாலோர் 'சத்தம் கேட்கிறது' என்று சொல்வதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் 'இரண்டு முறை' என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் நோயின் பாதி விளக்கம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

முழங்கையின் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையை இடது கை விரலால் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் இருக்கும். மேசை விளிம்பில் அந்த இடம் இடிபட்டால் கரண்ட் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை சுர்ரென்று பாயுமே, அது எலும்பின் வலி அன்று. அந்தப் பள்ளத்தில் தோலுக்கு மிக அருகில் ஓடும் அல்நார் நரம்பு அடிபட்டதன் அதிர்ச்சி. கழுத்திலிருந்து புறப்பட்டு வரும் இந்த நரம்பு, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வைத் தருவதோடு, விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவுகிற கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. கையை மடக்கும்போது நரம்பு சில மில்லிமீட்டர் இழுபடுகிறது. அதே நேரத்தில் அது நுழைந்து செல்லும் குகை போன்ற பாதையும் குறுகிவிடுகிறது. அடிபடாத முழங்கையில் நரம்பு இதைத் தாங்கிக்கொள்ளும்.

உங்கள் முழங்கையின் அமைப்பு மாறிவிட்டது. சிறு பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிவது மிகச் சாதாரணமாக நடப்பதுதான். 5 வயதிலிருந்து 7 வயது வரை அது அதிகம். இயல்பான கையை நீட்டி உள்ளங்கையை முன்னால் திருப்பினால், முன்கை உடம்பைவிட்டு 5 முதல் 15 பாகை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீர் வாளியைத் தூக்கி நடக்கும்போது அது தொடையில் இடிக்காமல் இருப்பது இந்தச் சாய்வினால்தான். முறிந்த கீழ்த்துண்டு உள்பக்கம் சரிந்து, சற்றுத் திரும்பிய நிலையிலேயே கூடிவிட்டால், இந்தச் சாய்வு அழிந்து கை எதிர்ப்பக்கமாக வளைந்துவிடுகிறது. உங்கள் தந்தையாரையோ அந்த வைத்தியரையோ இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தில் ஒரு குழந்தை விழுந்தால் அருகில் யார் இருந்தார்களோ அவர்களிடம்தான் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது.

எலும்பின் சாய்வு மாறியதும், மேற்கையின் பின்புறமிருந்து வந்து முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசையின் இழுவைத் திசையும் உள்பக்கமாக மாறிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி இழுபட்ட தசையின் உள்விளிம்பு, கையை மடக்கும்போது அந்த எலும்பு முனைக்கு மேலே ஏறி முன்னால் தாவத் தொடங்குகிறது. போகும்போது நரம்பையும் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. கை ஏறக்குறைய 90 பாகை மடங்கும் நேரத்தில் நரம்பு முதலில் நழுவுகிறது. அது முதல் 'டக்'. மேலும் மடக்கி 110 பாகையைத் தாண்டியதும் தசையின் விளிம்பு தாவுகிறது, அது இரண்டாவது. இத்தகைய கையைப் பரிசோதிக்கும்போது எலும்பு முனைமேல் என் விரலை இலேசாக வைத்து, நோயாளியை மெதுவாக மடக்கச் சொல்வேன். முதலில் ஈர்க்கு அளவுக்கு ஒரு நாண் விரலுக்கடியில் உருண்டு போகும். சற்றுப் பொறுத்து, அதைவிடத் தடித்த, தட்டையான ஒன்று பொத்தென்று தாண்டும். ஒருமுறை விரலால் உணர்ந்துவிட்டால் பிறகு அதை எலும்பு உரசல் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் எளிது. படம் எடுக்கும்போது உங்கள் கை நீட்டிய நிலையில் இருந்தது. நீட்டிய கையில் நரம்பும் தசையும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. நழுவுவதைப் பார்க்கவேண்டுமானால் நழுவும்போதுதான் பார்க்கவேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவியை முழங்கையின் உள்பக்கம் வைத்துக்கொண்டு கையை மடக்கி நீட்டினால், நரம்பும் தசையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டுவது திரையில் தெரியும். கதிரியக்கப் பிரிவில் "கையை மடக்கி நீட்டிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்" என்று மருத்துவர் குறிப்பிட்டு எழுதவேண்டும். வெறுமனே "முழங்கை அல்ட்ராசவுண்ட்" என்று எழுதினால் அசையாத படம் ஒன்று கிடைத்து, மீண்டும் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு வீடு திரும்ப நேரிடலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நரம்பு நழுவுவது மட்டுமே நோய் ஆகிவிடாது. முழங்கையில் எந்த அடியும் படாத, நல்ல நிலையில் உள்ள மனிதர்களை ஆராய்ந்த 1956ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நரம்பு நழுவுவது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை ஏதுமில்லை. உங்கள் நிலை அப்படியன்று. ஆறு மாதமாக விரல்கள் மரத்திருக்கின்றன, இரவில் தூக்கம் கலைகிறது, தொழிலோ ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான முறை மாவை வீசி, இழுத்து, மடிக்கிற தொழில். ஒவ்வொரு வீச்சிலும் அந்த நரம்பு எலும்பு முனைமேல் உராய்ந்து திரும்புகிறது. உராய்ந்த நரம்பு வீங்கும். வீங்கிய நரம்புக்குப் பாதை மேலும் இறுக்கமாகும்.

ஆகவே முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கு கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். சிறுவயது முறிவையும், இரட்டை நழுவலையும், இரண்டு விரல் மரப்பையும் சொல்லி, எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்களுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை பக்கம். அங்கே இரண்டு கைகளையும் நீட்டிவைத்த எக்ஸ்ரே, நான் சொன்ன அல்ட்ராசவுண்ட், நரம்பு மின்கடத்தல் பரிசோதனை ஆகிய மூன்றும் தேவைப்படும். மின்கடத்தல் பரிசோதனையில், முழங்கையைக் கடக்கும் இடத்தில் நரம்பின் வேகம் நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால், அழுத்தம் அங்கேதான் என்பது உறுதியாகும்.

காத்திருக்கும் நாட்களில் செய்யவேண்டியவை உண்டு. தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கடியில் வைக்காதீர்கள். ஒரு குளியல் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தால் கை முழுதாக மடங்காது. நரம்புக்கு அதைப்போல் ஓய்வு தருவது வேறொன்றுமில்லை. கைத்தொலைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசாதீர்கள். கல்லாவில் உட்காரும்போது முழங்கையை மேசைமேல் ஊன்றாதீர்கள். முதலாளியிடம் பேசி, சில வாரங்களுக்கு மாவு வீசும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, கல்லில் திருப்பிப் போடும் வேலையை எடுத்துக்கொள்ள முடியுமானால் அதுவே பெரிய மருந்து. நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அந்த 'டக், டக்'கைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

மரப்பு விட்டுவிட்டு வருகிற, தசை பலவீனம் இல்லாத நிலையில் இந்த ஒழுங்குகளை மூன்று மாதம் கடைப்பிடித்தால் பலருக்குக் குறைந்துவிடும். உங்கள் நரம்பு நழுவுவதற்கு வளைந்த எலும்பு காரணமாக இருப்பதால், அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பே அதிகம் என்று நினைக்கிறேன். அது ஒரே மாதிரியானது அன்று. நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து எலும்பு முனைக்கு முன்னால் அமர்த்துவது ஒன்று. தாவுகிற ட்ரைசெப்ஸ் விளிம்பை நீக்குவது அல்லது வெளிப்பக்கம் மாற்றித் தைப்பது இன்னொன்று. வளைவு மிகுதியாக இருந்தால் எலும்பையே ஆப்பு வடிவில் வெட்டி நேராக்குவது மூன்றாவது. இவற்றில் எது, எத்தனை என்பதை அறுவை மருத்துவர் உங்கள் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். முதல் இரண்டு மட்டும் என்றால் இலேசான வேலைகளுக்கு இரண்டு வாரங்களிலும், மாவு வீசுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களிலும் திரும்பலாம். எலும்பை வெட்டினால் அது கூடும்வரை காத்திருக்கவேண்டும்.

கேள்வி: ஐயா, நான் பினாங்கு லிட்டல் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறேன். வயது 53. எட்டு வயதில் இடது முழங்கை முறிந்தது; கட்டுப் போட்டும் சரியாகச் சேரவில்லை. கை வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். மூன்று வருடமாக இடது சுண்டுவிரல் மரத்திருக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி இரண்டு வருடம் கழுத்துக்குச் சிகிச்சை எடுத்தேன். இப்போது சரம் தொடுக்கும்போது பூக்களைச் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. முடிச்சு விழுவதற்குள் நழுவிவிடுகின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்திருக்கிறது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நரம்புக்கு வைட்டமின் ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். சரியாகிவிடுமா?
— வாசகி, ஜோர்ஜ் டவுன்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் குழி விழும்வரை காத்திருந்திருக்கக் கூடாது. இனி ஒரு மாதம்கூடத் தாமதிக்க வேண்டாம். இந்த இதழைக் கையில் வாங்கிய வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

முந்தைய கடிதத்தில் உள்ளவருக்குக் கை உள்பக்கம் வளைந்தது, உங்களுக்கு வெளிப்பக்கம். குழந்தைகளுக்கு முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ் உடைந்தால், அது பெரும்பகுதி குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் சிறு கீற்றாக மட்டுமே தெரியும். கவனியாமல் விடப்படுவதும் உண்டு. விலகிய துண்டைச் சரிசெய்து கம்பி வைத்துப் பிடிக்காவிட்டால் அது கூடாமலே நின்றுவிடலாம். பிறகு குழந்தை வளர வளர, வெளிப்பக்கம் வளர்ச்சி குன்றி, உள்பக்கம் நீண்டு, கை வெளியே சாய்ந்துகொண்டே போகிறது. உள்பக்கப் பள்ளத்தில் ஓடும் நரம்பு, வில்லின் நாண்போல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நிற்கிறது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துச் சுண்டுவிரல் மரக்கும்போது, சிறுவயதில் விழுந்தது எவருக்கும் நினைவுக்கு வருவதுமில்லை. பாரிஸில் பணியாற்றிய பனாஸ் என்ற அறுவை மருத்துவர் 1878ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் இன்றுவரை கழுத்து வலியென்று பெயர் சூட்டப்பட்டு வருகிறது.

கழுத்தா முழங்கையா என்று பிரித்தறிவது பெரும்பாலும் கடினமன்று. மரப்பு சுண்டுவிரலிலும் மோதிர விரலின் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியிலும் நின்று, மணிக்கட்டைத் தாண்டி முன்கைக்கு ஏறாமல் இருந்தால், பழி முழங்கை நரம்பின்மேல்தான் விழவேண்டும். முன்கையின் உள்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. முன்கையும் சேர்ந்து மரத்தால் கழுத்தையும் தோள்பட்டையையும் ஆராயவேண்டும். புறங்கையின் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருந்தால் மணிக்கட்டு காரணமன்று, ஏனெனில் அந்தப் பகுதிக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. அரிதாக, நரம்பு கயிறுபோல் தடித்திருந்தால் தொழுநோயையும் நினைக்கவேண்டும். முழங்கையில் உள்ள இந்த நரம்பைத்தான் அது பெரிதும் தேடித் தாக்குகிறது. 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட காலம்போல் இன்று அச்சப்படத் தேவையில்லை. மாத்திரைகளால் அது முற்றிலும் குணமாகும். உங்கள் வளைந்த கையைப் பார்க்கும்போது காரணம் அதுவாக இருக்கும் என்று நான் கருதவில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு காகிதத் துண்டை இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். வலது கட்டைவிரல் நேராக நின்று பிடிக்கும். இடது கட்டைவிரலின் நுனி மூட்டு கொக்கிபோல் மடங்கும். ஏனெனில் கட்டைவிரலைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டிய தசை சோர்ந்துபோனதால், விரலை மடக்கும் வேறொரு தசை அதன் வேலையைச் செய்ய முயல்கிறது. சரம் தொடுக்கும்போது மல்லிகைக் காம்புகளைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிப்பதும் அதே தசையின் வேலைதான். பூ நழுவுவதற்குக் காரணம் கைப்பழக்கம் போனதன்று. நரம்பின் ஆணை விரலுக்கு எட்டவில்லை. நீங்கள் சொல்லும் குழி, அந்தத் தசையும் அதன் அண்டைத் தசையும் வற்றியதன் அடையாளம்.

இனி வைட்டமின் ஊசி. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்குப் பி12 வைட்டமின் குறைவது உண்மைதான். இரத்தத்தில் அதை அளந்து, குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளவே வேண்டும். சர்க்கரையும் நரம்பை நலிவாக்குகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால், இதை எந்த நோயாளியிடமும் நான் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்கும். ஒரே கையில், இரண்டே விரலில், அதுவும் வளைந்த முழங்கை உள்ள கையில் மட்டும் வந்தது சர்க்கரையால் மட்டும் வந்திருக்காது. வில்லில் இழுபட்டுக் கிடக்கும் நரம்பை எந்த ஊசியும் தளர்த்தாது. அதைத் தளர்த்துவது, நரம்பை எலும்பு முனைக்கு முன்பக்கம் மாற்றி அமர்த்தி, அதன் பாதையைச் சுருக்கும் அறுவைதான்.

"சரியாகிவிடுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். இரவு விழிப்பும் எரிச்சலும் முதலில் அடங்கும். உணர்வு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். தசை முழுவதும் திரும்பும் என்று உறுதி தர முடியாது. நரம்பின் இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும்; முழங்கையிலிருந்து அந்தத் தசைவரை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். போய்ச் சேரவே பத்து மாதம் ஆகும். நரம்பின் தொடர்பு முற்றிலும் அறுந்த தசை, ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டுக்குமேல் காத்திருக்காமல் நாராகிவிடுகிறது. உங்கள் தசையில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்பதை இ.எம்.ஜி. என்ற ஊசிப் பரிசோதனை காட்டும். மிச்சமிருப்பதைக் காப்பாற்றவே நான் அவசரப்படுத்துகிறேன். பிடிப்பு திரும்பாவிட்டாலும், வேறொரு தசைநாரைக் கட்டைவிரலுக்கு மாற்றித் தைத்துப் பிடிப்பைக் கூட்டும் அறுவையும் உண்டு. சரம் தொடுப்பதை இப்போதே கைவிட வேண்டியதில்லை. அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புண் ஆறுவது அதைப் பொறுத்தது.

கேள்வி: என் ஆறு வயது மகள் செந்தூலில் வீட்டுக்கருகில் விளையாட்டுத் திடலில் கம்பி ஏணியிலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. கம்பி வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்து மூன்று வாரமாகியும் கை முழுதாக நீளவில்லை. சுண்டுவிரலில் தொடுவது சரியாகத் தெரியவில்லை என்கிறாள். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார் என் மாமியார். நீவலாமா?
— வாசகி, கோலாலம்பூர்

பதில்: முழங்கையில் நீவவோ, கையைப் பிடித்து இழுத்து நீட்டவோ வேண்டாம். உங்கள் மாமியாரின் அக்கறையை மதித்துச் சொல்லுங்கள்: முறிந்த முழங்கையைச் சுற்றியுள்ள தசை, அழுத்தி உருவப்பட்டால் தனக்குள்ளேயே எலும்பை உண்டாக்கிக்கொள்ளும் இயல்புடையது. அப்படி உண்டானால் இப்போது நீளாத கை நிரந்தரமாகவே நீளாமல் போகலாம். கட்டுப் பிரித்த மூன்று வாரத்தில் கை விறைப்பாக இருப்பது இயல்பு. குழந்தையை விளையாட விடுங்கள். பந்தைப் பிடிப்பது, தலை சீவுவது, தட்டைத் தூக்குவது போன்றவற்றில் அவளே மெல்ல மெல்ல நீட்டிக்கொள்வாள். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பாட்டிக்கு எண்ணெய் தேய்த்தே ஆகவேண்டுமென்றால் தோள்பட்டையில் இதமாகத் தேய்க்கட்டும்; முழங்கைக்குக் கிட்டே வரவேண்டாம்.

சுண்டுவிரலின் மரப்பை அடுத்த சந்திப்புவரை தள்ளிப்போடாமல், அறுவை செய்த பிரிவுக்கு இந்த வாரமே தெரிவியுங்கள். முறிவின்போதோ, உள்பக்கக் கம்பியாலோ நரம்பு நசுங்கியிருக்கலாம்; பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே தேறிவிடும். ஆயினும் அது பதிவாகி, மாதந்தோறும் சோதிக்கப்பட வேண்டும். விரல்களை விசிறிபோல் விரிக்கச் சொல்லி, இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவாருங்கள். "வளர வளரக் கை நேராகிவிடும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். முன்பின்னாக உள்ள சாய்வு ஓரளவு நேராகும். பக்கவாட்டுச் சாய்வு ஆகாது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கு தோள்பட்டைப் பக்கத்தில்தான் நடக்கிறது. முழங்கைப் பக்கத்துக்கு ஒரு பங்குதான். கை நன்றாக நீளத் தொடங்கியதும், இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் திருப்பி நிற்கச் சொல்லி ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த இரண்டு படங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறையிலிருந்து எழுதியவரின் கதையும், பூக்கடை அம்மாவின் கதையும் இப்படித்தான், யாரும் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்காத காலத்தில் தொடங்கின.

கேள்வி: வயது 34. பழைய முறிவால் முழங்கை நரம்பு அழுந்துவதாகச் சொல்லி, சென்ற ஆண்டு நரம்பை முன்பக்கம் மாற்றி அறுவை செய்தார்கள். விரல் மரப்பு போய்விட்டது. ஆனால் தண்டால் எடுக்கும்போது 'டக்' என்ற நழுவல் அப்படியே இருக்கிறது. அறுவை தோற்றுவிட்டதா?
— வாசகர், கெப்போங்

பதில்: மரப்பு போயிருப்பதால் நரம்புக்குச் செய்த அறுவை பலித்திருக்கிறது. மிச்சமிருப்பது ட்ரைசெப்ஸின் உள்விளிம்பாக இருக்கக்கூடும்; நழுவிய இரண்டில் ஒன்றை மட்டும் நகர்த்தியிருக்கிறார்கள். அறுவை மேசையில் நரம்பை மாற்றிய பிறகு கையை முழுதாக மடக்கிப் பார்த்தால் இது தெரியவரும். சில வேளைகளில் அது விடுபட்டுப்போகிறது. மடக்கிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வலி இல்லையென்றால் தண்டாலை விட்டுவிட்டு, முழங்கை ஆழமாக மடங்காத வேறு பயிற்சிகளைச் செய்தால் போதும். மரப்பு மீண்டும் வந்தாலோ வலித்தாலோ அந்த விளிம்பைச் சரிசெய்யவேண்டும். நழுவல் முழங்கையின் வெளிப்பக்கத்தில், அதுவும் நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழும்போது மூட்டே விலகுவதுபோல் தோன்றினால், அது வேறு சிக்கல். உள்பக்கம் வளைந்து கூடிய முழங்கைகளில் வெளிப்பக்கத் தசைநார் நாளடைவில் தளர்ந்துவிடுவது உண்டு. அப்படியிருந்தால் மறுபடியும் பரிசோதனைக்குச் செல்லும்போது அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. சிறுவயது முறிவால் வலது கை உள்பக்கம் வளைந்திருக்கிறது; வலியோ மரப்போ இல்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அதற்குள் நேராக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: செய்யலாம், ஆனால் நீங்கள் விரும்பினால் மட்டும். எலும்பை ஆப்பு வடிவில் வெட்டித் தகடு வைத்து நேராக்கும் அறுவை நன்கு பழகிய ஒன்றுதான். அதில் நரம்பு நலிவு, விறைப்பு, வளைவு முழுதும் நிமிராமல் போவது ஆகிய அபாயங்கள் சிறிதளவு உண்டு. கையில் ஒரு தழும்பும் நிரந்தரமாக இருக்கும். பின்னாளில் நரம்பும் தசைநாரும் தொல்லை தருவதைத் தவிர்க்க இந்த வயதில் நேராக்கிக்கொள்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அவசரமில்லை, திருமணத் தேதியோடு அதைக் கட்டிப்போடவும் வேண்டாம். எலும்பு கூடி, கை முழுதாக மடங்கி நீளச் சில மாதங்கள் ஆகும். முடிவெடுக்கும்வரை ஆண்டுக்கொரு முறை அந்தக் காகிதச் சோதனையை இரண்டு கைகளிலும் செய்து பாருங்கள். கட்டைவிரல் நுனி மடங்கினாலோ சுண்டுவிரல் மரத்தாலோ அன்றைக்கே எலும்பு மூட்டுப் பிரிவுக்குச் செல்லுங்கள்.